பட்டை மேஸ்திரி சொன்ன இரண்டு பதில்கள்

போன மாதம் எனக்குக் கீழ்வரிசைப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. ஆயுசு முழுக்கப் பிறர் வாயைப் பார்த்தவன், என் வாயைக் காட்ட உங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. வரிசையில் நின்றேன், சீட்டு வாங்கினேன், நாற்காலியில் சாய்ந்தேன். உங்களில் ஒருவர், நல்ல பிள்ளைதான், கை சுத்தமான பிள்ளை, இடுக்கியை எடுத்துக்கொண்டே கேட்டார்: "சர்க்கரை இருக்கா தாத்தா?" இல்லை என்றேன். சரி என்று இடுக்கியை வாயருகே கொண்டுவந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

எனக்குச் சர்க்கரை இல்லை என்பது உண்மை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேன், அவர் நம்பினார், அவ்வளவுதானே. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கிழவனுக்குப் பல் பிடுங்கப் பயம் என்று யாரோ சிரித்ததும் காதில் விழுந்தது. பயம்தான். ஆனால் என் பல்லுக்காக இல்லை. ஏன் கத்தினேன் என்று அந்தப் பிள்ளைக்கும், அவரோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டால் எனக்கும் மனசு ஆறும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ரோட்டோரம் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். காயம் கட்டுவது, கட்டி கீறுவது, பல் பிடுங்குவது எல்லாம் என் கை. எட்டுக் கட்டில், ஒரு கம்பவுண்டர், ஒரு நர்ஸ். டாக்டர் அங்கேயே இருப்பதில்லை. வேலூரிலிருந்து திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பஸ்ஸில் வருவார். நான் சொல்கிற காலம் முப்பதுகளின் தொடக்கம். இன்சுலின் ஊசி நம் பக்கத்துக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்த டாக்டர் ஒரு பெண். படித்துவிட்டு வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவர் வந்த புதிதில் எங்களுக்கு ஒரு உத்தரவு போட்டார். நாற்பது தாண்டியவர் யாராவது ஈறு வீங்கி, பல் ஆடுகிறது என்று வந்தால், முதலில் சிறுநீரைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் இடுக்கியைத் தொட வேண்டும். அப்போது சிறுநீர் பார்ப்பது என்றால் இப்போது போல இல்லை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை தலைக்கு மேலே என்று அர்த்தம்.

எனக்கு அந்த உத்தரவு பிடிக்கவில்லை. பல் பிடுங்க வந்தவனிடம் மூத்திரம் கேட்டால் அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா? புஸ்தகத்தில் படித்ததை எல்லாம் இந்த அம்மா நம் தலையில் கட்டுகிறார் என்று கம்பவுண்டரிடம் முணுமுணுத்தேன். தவிர என்னிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று கேட்பேன். மொய்க்கிறது என்றால் சர்க்கரை. இல்லை என்றால் இல்லை. பள்ளிகொண்டா பக்கத்து விவசாயிகள் பல பேரை இந்த ஒரு கேள்வியிலேயே பிடித்திருக்கிறேன். பிடித்த பிறகு விளக்கைக் கொளுத்திப் பார்த்தால் செங்கல் நிறம் வந்து நிற்கும். நாலு தடவை, ஐந்து தடவை இப்படி ஆனதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. கொதிக்க வைக்காமலேயே சொல்லிவிடுகிற டிரஸ்ஸர் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பட்டை மேஸ்திரி வந்தார். சனிக்கிழமை சந்தை நாள். வெளியே அறுபது பேர் நிற்பார்கள்.

பட்டை மேஸ்திரி என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இப்போது அந்த வேலை அப்படி இல்லை. பேரணாம்பட்டில் ஒரு தோல்ஷாப்பில் ஆவாரம்பட்டைக் குழிகளுக்கு அவர் பொறுப்பு. பட்டையை ஊற வைத்த சாற்றில்தான் தோல் பதமாகும். சாறு கெட்டியா, தண்ணியா, எந்தக் குழித் தோலை எந்தக் குழிக்கு மாற்றுவது என்பதெல்லாம் அவர் நாக்கு சொல்லும். விரலை விட்டு எடுத்து நாக்கில் வைப்பார், துப்புவார், அடுத்த குழிக்குப் போவார். நாளுக்கு முப்பது தடவை. வீடும் ஷாப் காம்பவுண்டுக்குள்ளேயே. ஐம்பது வயசு இருக்கும். நல்ல கட்டுமஸ்தான உடம்பு கொஞ்சம் வற்றியிருந்தது. என் அப்பாவும் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்தான். அதனால் மேஸ்திரி என்னை மகன் மாதிரி உரிமையோடு நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார்.

கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, எதைக் கடித்தாலும் உயிர் போகிறது, எடுத்துவிடு என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அந்த ஒரு பல் ஆடியது. மற்ற ஈறெல்லாம் பட்டைக் கறை ஏறி, இறுகி, பார்க்கத் திடமாக இருந்தது. ஈறு வியாதி என்றால் ஈறு பொங்கி, தொட்டால் ரத்தம் வரும். இங்கே அதெல்லாம் இல்லை. இருந்தாலும் வயசைப் பார்த்து என் கேள்வியைக் கேட்டேன்.

"மேஸ்திரி, ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

"எறும்பா? இல்லப்பா. ஒண்ணும் வர்றதில்ல."

யோசிக்கவே இல்லை, பட்டென்று சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நீல மருந்து புட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. வெளியே சந்தைக் கூட்டம் சத்தம் போட்டது. பல்லை எடுத்தேன். சுலபமாக வந்தது. இவ்வளவு சுலபமாக ஏன் வருகிறது என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவரை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வலது கன்னம் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை. அவர் சம்சாரம் கூடவே நடந்து வந்திருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நல்ல வேளை, அன்று டாக்டரம்மா வருகிற நாள்.

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தாடைக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். அப்புறம் என்னைப் பார்த்து, "யூரின் பாத்தீங்களா?" என்று கேட்டார். எறும்பு வரவில்லை என்று சொன்னார் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.  டாக்டரம்மா தாமே விளக்கைக் கொளுத்தினார். குழாயில் நீலம் நொடியில் மாறி, செங்கல் பொடி கரைத்தது போல ஆயிற்று. அதை என் கண்ணுக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அதற்குப் பதில் ஒரு அடி அடித்திருக்கலாம்.

கட்டியைக் கீறிச் சீழை எடுத்தோம். அப்புறம் அவர் மேஸ்திரி சம்சாரத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். சீழ் இன்னும் தாடைக்குள் இருக்கிறது, சர்க்கரை இறங்கினால்தான் அது ஆறும், சர்க்கரை இறங்காமல் சீழ் கழுத்துக்கு இறங்கிவிட்டால் மூச்சு அடைத்துவிடும், காப்பாற்ற முடியாது. அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். அழவில்லை. "இன்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்" என்றார்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று இன்சுலின். வேலூரிலிருந்து வரவழைத்து, ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் புட்டியை வைத்து, காலையும் மாலையும் நான் போட்டேன். இன்னொன்று சாப்பாடு. சர்க்கரை, வெல்லம், பழம் எதுவும் கூடாது. சோறு கைப்பிடி அளவு. முட்டை, மோர், கீரை. சர்க்கரை என்பது இவருக்கு விஷம் என்று அந்த அம்மாளிடம் நானே சொன்னேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னேன். என் தப்பை மறைக்க வேண்டும் என்ற வேகத்தில் நான் ரொம்பக் கறாராகிவிட்டேன்.

இறங்கவில்லை. வெள்ளி செங்கல். சனி செங்கல். ஞாயிறு ஆரஞ்சுக்கும் செங்கலுக்கும் நடுவில். ஊசி போட்டும், பட்டினி போட்டும் அப்படியே நின்றது. காய்ச்சலும் மாலையானால் வந்து உட்கார்ந்துகொண்டது. கீறின புண் ஓரம் வெளுத்துக் கிடந்தது. தாடைக்குக் கீழே வீக்கம் கழுத்தை நோக்கி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நான் காலையிலும் மாலையிலும் விரலால் அளந்து பார்த்தேன்.

இந்த மாதிரி நேரத்தில் நம் புத்தி எங்கே போகும் தெரியுமா? மருந்து வேலை செய்யவில்லை என்றால் நோயாளி திருட்டுத்தனம் பண்ணுகிறான் என்று போகும். என் புத்தியும் அங்கேதான் போனது. வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வாழைப்பழம் வருகிறது, எதிர்க் கட்டிலுக்கு இனிப்புக் காப்பி வருகிறது. மேஸ்திரி வாங்கித் தின்கிறார், வேறென்ன? திங்கட்கிழமை டாக்டரம்மா வந்ததும் அதையே ரிப்போர்ட்டாகச் சொன்னேன். அவர் மேஸ்திரியைக் கேட்டார். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். டாக்டரம்மா ஊசி அளவைக் கூட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மேஸ்திரிக்குக் காவல் போட்டோம். அவர் தம்பி ஒரு பக்கம், சம்சாரம் ஒரு பக்கம். தலையணைக்கடியில் தேடினார்கள். படுக்கையை உதறினார்கள். மேஸ்திரி கக்கூஸுக்குப் போனால் தம்பி பின்னாலேயே போனார். ஒரு ஷாப்பே மேஸ்திரி மேஸ்திரி என்று கைகட்டி நின்ற மனுஷன். வாய் கட்டிப்போட்ட நிலையில் எல்லோரும் தன்னைத் திருடன் மாதிரி சோதிப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். புதன்கிழமை காலை நானே அவரிடம் கேட்டேன். குரலை எழுப்பித்தான் கேட்டேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"உண்மையச் சொல்லுங்க மேஸ்திரி. திருட்டுத்தனமா இன்னா சாப்டறீங்க?"

பற்களுக்கு நடுவிலிருந்து, மெதுவாக, "நீ குடுக்கறதத் தவிர ஒண்ணும் சாப்டல" என்றார். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மாலை மோரும் குடிக்கவில்லை.

மறுநாள் வியாழன். டாக்டரம்மா வந்து சார்ட்டைப் பார்த்தார். ஊசியைக் கூட்டியும் ஆரஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை.  மேஸ்திரியின் வாய் அன்று கொஞ்சம் திறந்தது. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குற்றம் கேட்பது போல இல்லாமல், வீட்டு நலம் விசாரிப்பது போலக் கேட்டார். பல் எப்போதிலிருந்து வலிக்கிறது, வலிக்கு இங்கே வருவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்?

ஆறேழு மாதமாக வலி, பட்டைச் சாற்றைக் கொப்பளிப்பேன், புதுப் பட்டை போட்ட குழிச் சாறு, நல்ல கெட்டி, கொப்பளித்தால் ஈறு இறுகும், வலி கம்மியாகும் என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் தானே நிறுத்தினார். எதையோ யோசிக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"தோலுக்கு எடுத்த எடுப்புலயே கெட்டிச் சாறு ஊத்தக் கூடாதும்மா. ஊத்தினா மேல இறுகிக்கும். உள்ள சாறு எறங்காது. மேல பாத்தா பதமான தோலு, அறுத்துப் பாத்தா உள்ள பச்சையா அழுகிக் கெடக்கும். இவங்கல்லாம் என் தலகாணியத் தட்டிப் பாக்கறாங்க. நீங்க என் ஈறத் தட்டிப் பாருங்க."

டாக்டரம்மா எழுந்து கையைக் கழுவினார். இடது பக்கம், வீக்கமே இல்லாத பக்கம், ஈறின் மேல் விரலை வைத்துப் பல்லை நோக்கி அழுத்தினார். இறுகித் திடமாக இருந்த அந்த ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு மணி சீழ் எட்டிப் பார்த்தது. அடுத்த பல்லை அழுத்தினார். அங்கேயும். அடுத்தது. அங்கேயும். சன்னக் கம்பியை விட்டுப் பார்த்தால் பல்லோரமாக அரை விரற்கடை ஆழம் போனது. முதல் நாள் அவர் வாயைத் திறக்கச் சொல்லி நானும்தான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேனே ஒழிய, ஒரு தடவையாவது விரலை வைத்து அழுத்தவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா எனக்குச் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். இதற்குமேல் எந்தப் புஸ்தகமும் எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை.

"சர்க்கரை ஏறினா ஈறு கெட்டுப்போகுது, டிரஸ்ஸர். ஈறுல சீழ் இருக்கிற வரைக்கும் சர்க்கரை எறங்காது. நாம ஒரு பக்கம் மட்டும் பிடிச்சி இழுத்துட்டிருந்தோம். அவர் ஒண்ணும் திருடித் தின்னல."

அன்றே ஆடின நாலு பல்லை எடுத்து, உள்ளே இருந்த சீழை வழித்து, மற்றதைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம். இந்தத் தடவை இன்சுலின் உடம்பில் இருந்ததால் தைரியமாகச் செய்ய முடிந்தது. உப்பு நீர்க் கொப்பளிப்பு, ஒரு மணிக்கு ஒரு தடவை. பட்டைச் சாறு வாய்க்குள் போகக் கூடாது என்று உத்தரவு. வெள்ளி ஆரஞ்சு. சனி மஞ்சள். தாடைக்குக் கீழே வீக்கம் வற்ற ஆரம்பித்தது. திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தபோது குழாய் பச்சை காட்டியது. ஊசி அளவு அப்படியே இருக்கட்டும், நீலத்துக்கு வந்தால் உடனே எனக்கு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

செவ்வாய் மாலை நீலம் வந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நான் குழாயை எடுத்துக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றினேன். கம்பவுண்டருக்குக் காட்டினேன். மேஸ்திரி சம்சாரத்துக்குக் காட்டினேன். என் பாவம் கழுவப்பட்டது என்று நினைத்தேன். ஆள் அனுப்பவில்லை. நாளை மறுநாள் அவரே வரப்போகிறார், இந்தச் சந்தோஷச் செய்தியை நானே நேரில் சொல்கிறேன் என்று இருந்துவிட்டேன். புதன் காலையும் நீலம். கூட்டி வைத்த அதே அளவு ஊசியை அப்படியே போட்டேன். ஈறு வலி என்று அவர் காலையில் கஞ்சியில் பாதியை வைத்துவிட்டார். அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

பத்தரை மணி இருக்கும். மேஸ்திரி சம்சாரம் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மேஸ்திரி வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். கை நடுங்கியது. குழி நம்பர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று தம்பியைப் பார்த்துத் தெலுங்கில் திட்டினார். என்னை யாரென்று தெரியவில்லை.

நான் அதுவரை சர்க்கரை ஏறி மயங்கினவர்களைத்தான் பார்த்திருந்தேன். சர்க்கரை இறங்கி மயங்கினவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்படி ஒன்று வரலாம் என்று டாக்டரம்மா ஊசி கற்றுக்கொடுத்த அன்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான். வேலூருக்கு ஆள் போய் அவர் வர மதியம் தாண்டிவிடும். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? அவர் இருந்த நிலையில் சிறுநீர் பிடித்துக் கொதிக்க வைத்துப் பார்க்கவும் வழியில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கமில்லை.

அப்போது நான் யோசித்த முறையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஏற்றமாக இருந்து நான் வெல்லம் கொடுத்துவிட்டால், ஏற்கெனவே ஏறியிருக்கிறதில் கொஞ்சம் கூடும். கெடுதல்தான், ஆனால் நாளைக்கு ஊசியால் சரிசெய்யலாம். இது இறக்கமாக இருந்து நான் கொடுக்காமல் விட்டால், நாளை என்று ஒன்று இவருக்கு இல்லை. இரண்டு தப்பில் எந்தத் தப்பிலிருந்து திரும்பி வர முடியுமோ அதைச் செய். தவிர, இரண்டு வேளை நீலம், முழு ஊசி, பாதிக் கஞ்சி. மூன்றும் ஒரு பக்கமே காட்டின. எதிரே காப்பிக் கடைக்கு ஓடி ஒரு அச்சு வெல்லத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்து, டம்ளரில் உடைத்துக் கரைத்தேன்.

மேஸ்திரி சம்சாரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பில் ஊறின தோலில் மயிர் உருவின கை அது, என்னால் உதற முடியவில்லை.

"வெசம்னு சொன்னது நீதானே தம்பி? அவர் வாயக் கட்டி, படுக்கைய ஒதறி, திருடன்னு பேர் வெச்சி... இப்ப நீயே ஊத்தறியா?"

அந்த அம்மாள் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பதில் சொல்லிப் புரியவைக்க நேரமும் இல்லை. விஷம் என்று நான் சொன்னது அன்றைக்குச் சரி, இன்றைக்குத் தப்பு, முதல் நாள் இவர் பல்லை எடுத்ததே என் தப்பு, இவர் திருடவில்லை, அதுவும் என் தப்பு, இதையும் தப்பாகச் செய்தால் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுங்கள், இப்போது கையை விடுங்கள் என்றேன்.  எது அவரை அசைத்தது என்று தெரியாது, கையை விட்டார். விட்டதோடு இல்லை, புருஷன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, கரண்டி கரண்டியாக ஊற்றினேன். எட்டுக் கரண்டி. பத்து. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்று எண் நகர்வதற்குள் வேர்வை நின்றது. நடுக்கம் நின்றது. மேஸ்திரி கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்னயே பாத்துக்கினு நிக்கறீங்க?" என்றார். அப்புறம் உதட்டை நக்கிவிட்டு, "யார்ரா வெல்லம் குடுத்தது?" என்றார்.

நான் வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் அனுப்பாததையும் சொன்னேன். அவர் ஊசியைப் பாதியாக்கினார், அடுத்த வாரம் கால் பங்காக்கினார், மூன்றாம் வாரம் நிறுத்தியே விட்டார். வாய் ஆறியதும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே சர்க்கரை நின்றது. எனக்கு அவர் கொடுத்த தண்டனை ஒன்றுதான்: நடந்ததை ரெஜிஸ்டரில் என் கையாலேயே எழுதச் சொன்னார். எறும்பு என்ற வார்த்தையை எழுதும்போது பேனா நின்றது. எல்லாமே அங்கே ஆரம்பித்ததுதானே. அந்த மனுஷன் ஏன் என்னிடம் பொய் சொன்னார்? இரண்டாவது தடவை அவர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. முதல் பொய்க்கு மட்டும் எனக்குக் காரணம் விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்க அவர் ஷாப்புக்குப் போனேன். மேஸ்திரி குழியோரம் நின்றிருந்தார். கன்னத்தில் கீறின தழும்பு. உடம்பு தேறியிருந்தது. சாற்றை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார், பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தார். டாக்டரம்மா உத்தரவு என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஊசியே நின்றுவிட்டது, ஆனாலும் அவர் சம்சாரம் தினமும் காலையில் ஒரு துண்டு வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றி அவர் மடியில் முடிந்துதான் அனுப்புகிறாராம். அன்றைக்கு என் கையைப் பிடித்து நிறுத்தினவர்தான். இதைப் பார் என்று மேஸ்திரி அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் குழி விளிம்பில் வைத்தார். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பேசினோம்.

திருடன் என்று நினைத்ததற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அதை விடு, எங்கள் ஆட்களிடம் நானும் அப்படித்தான் கத்துவேன் என்றார். எங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினார். அரை மணி நேரம் போயிருக்கும். கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர் வெல்லத்தை எடுத்துத் திரும்பச் சுற்றினார். வெயிலில் பிசுபிசுத்துக் காகிதத்தில் ஒட்டியிருந்தது.

அதில் ஒரு எறும்பு இல்லை.

நான் கீழே பார்த்தேன். குழி விளிம்பைப் பார்த்தேன். அவர் வீட்டுப் பக்கச் சுவரோரம் வரை நடந்துபோய்க் குனிந்து பார்த்தேன். தோலில் போட்ட உப்பும் குழியில் அள்ளின சுண்ணாம்பும் வருஷக்கணக்காக ஊறி வெளுத்துப்போன மண். நான் தவழ்ந்த மண், எங்கள் அப்பாவின் காலைத் தின்ற மண், ஒரு நாளும் இப்படிக் குனிந்து பார்த்ததில்லை. ஒரு புல் இல்லை. ஒரு பூச்சி இல்லை.

"இங்க எறும்பே வராதா மேஸ்திரி?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து வந்ததில்லப்பா. நீ வருதான்னு கேட்ட, வரலன்னு சொன்னேன்." வெல்லத்தை மடியில் முடிந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார். "எங்க ஒண்ணுக்குப் போறேன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேனே."

முதல் தடவை அவரை நம்பிக் கெடுத்தேன், இரண்டாம் தடவை நம்பாமல் கெடுத்தேன். இரண்டு தடவையும் அவர் உண்மையைத்தான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை சந்தைக் கூட்டம் வந்து நின்றபோது, முதல் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினேன். உங்களில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், என் பல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை வருகிறேன். என்னை ஒன்றும் கேட்க வேண்டாம், கையில் சிறுநீர்ப் புட்டியோடுதான் வருவேன்.